பத்தொன்பது நிமிடப் பாட்டு

முப்பத்தெட்டு வருடம் கோப்பு எழுதியவன் நான். பாட்டு என்று செய்தது ஒன்றே ஒன்று. அதை முடிக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இன்று அந்தக் கதைதான். ராக் இசையா, நமக்கு ஆகாது என்று எழுந்து போய்விடாதீர்கள். நீங்களும் நானும் அறிந்த விஷயங்கள்தான் இதில் நிறைய வரும்.

நம் வயதுக்காரர்களுக்குப் பாட்டு என்றால் மூன்று நிமிடம். அது பாட்டின் குணமல்ல, தட்டின் குணம். நம் அப்பாக்கள் காலத்து 78 வேகத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் தாங்கும். மணிக்கணக்கில் ராகம் பாடிய பெரிய வித்துவான்களே அந்த அளவுக்குள் அடங்கிப் பாடிவிட்டுப் போனார்கள். 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம். இடம் கிடைத்தாலும், அதை ஒரே பாட்டால் நிரப்பலாம் என்ற துணிச்சல் ராக்காரர்களுக்கு வர மேலும் இருபது வருடம் பிடித்தது. அப்படித் துணிந்தவர்களின் இசைக்குத்தான் புரோகிரசிவ் ராக் என்று பெயர் வந்தது. பெரும்பாலும் இங்கிலாந்துப் பையன்கள். இருபது, இருபத்திரண்டு வயது.

1973 கோடையில் என் மாமா மகனின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து விடுப்பில் புதுச்சேரி வந்தார். இவர்களை நாங்கள் ‘சொல்தா’ என்போம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும். அவர் பெட்டியில் செண்ட், சாக்லெட் இவற்றோடு ஒரு தெப்பாஸ் பெட்டியும் நான்கு எல்.பி. தட்டுகளும் இருந்தன. தெப்பாஸ் என்பது பிரெஞ்சுக்காரர்கள் செய்த, கையில் தூக்கிப் போகும் தட்டுப் பெட்டி. அதன் மூடியிலேயே ஒலிபெருக்கி இருக்கும். தட்டுகள்: பிங்க் ஃபிளாய்டின் ‘மெடில்’, யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’, ஜெனிசிஸின் ‘ஃபாக்ஸ்டிராட்’, பிறகு மக்மா என்ற பிரெஞ்சுக் குழுவின் அந்த வருடத்துத் தட்டு.

மாமா மகனை நான் மச்சான் என்பேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் என்னை மாப்ளே என்பான். இனி அவன் பெயர் மச்சான் என்றே இருக்கட்டும்.

எனக்குப் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில். ஆங்கிலம் அரைகுறை. உத்தியோகத்துக்குப் போன பிறகு கோப்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஆகவே அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டபோது வார்த்தை ஒன்றும் புரியவில்லை. அது ஒரு வரம் என்று இப்போது தோன்றுகிறது. வார்த்தை புரியாதவனுக்குக் கட்டடம் தெரியும். எந்த மெட்டு எங்கே வந்தது, எங்கே காணாமல் போனது, எப்போது திரும்பி வந்தது என்று அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். மக்மாவைப் பொறுத்தவரை எல்லோரும் ஒரே நிலைதான். அதன் தலைவர் கிறிஸ்தியான் வாந்தேர் பாட்டுக்கென்றே ஒரு பாஷையைக் கற்பனை செய்து வைத்திருந்தார். பிரெஞ்சு படித்த எனக்கும் புரியாது, பாரிஸ்காரனுக்கும் புரியாது. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ஒரே ஓட்டம்.

முதலில் எங்களைப் பிடித்துக்கொண்டது பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’. இருபத்துமூன்றரை நிமிடம், ஒரு பக்கம் முழுவதும். தொடக்கத்தில் பியானோவில் ஒரே ஒரு சுரம். கிணற்றில் சொட்டுத் தண்ணீர் விழுகிற மாதிரி. ரிச்சர்ட் ரைட் அந்தச் சுரத்தைச் சுழலும் ஒலிபெருக்கி ஒன்றின் வழியாக அனுப்பி அப்படி ஒலிக்கச் செய்திருக்கிறார். அந்தப் பாட்டை அவர்கள் முழுசாக யோசித்து உட்கார்ந்து எழுதவில்லை. ஸ்டூடியோவில் ஆளுக்கொரு துண்டாக வாசித்துக் குவித்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு அவர்கள் வைத்த தலைப்பு, ‘ஒன்றுமில்லை, பகுதி 1 முதல் 24 வரை’. அவற்றில் ஒன்றுதான் இந்தச் சொட்டு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தது.

பாட்டின் நடுவில் மெட்டெல்லாம் அழிந்து வெறும் காற்றும் பறவை அலறலும் கேட்கும். டேவிட் கில்மர் கிட்டார் பெடலின் வயர்களை மாற்றிச் செருகியதில் பிறந்த அலறல் அது. சில நிமிடம் அப்படியே போகும். வழி தவறிவிட்டோம், இனி ஒன்றுமில்லை என்று கேட்பவன் நினைக்கும் நேரத்தில் மறுபடி அந்தச் சொட்டு விழும். முதல் முறை அதைக் கேட்டபோது மச்சான் எழுந்து நின்றுவிட்டான். அதே சுரம்தான். ஒன்றும் மாறவில்லை. ஆனால் அது வேறு சுரம்.

அன்று ராத்திரியே, “நாமும் ஒண்ணு பண்ணுவோம் மாப்ளே,” என்றான்.

மச்சானிடம் கிட்டார் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆர்மோனியம் தெரியும். மூன்றாவது ஆள் எங்கள் தெருக்கோடியில் இருந்த நண்பன், பெரிய மேளக் குடும்பம். அவன் அப்பா தவில் வித்துவான். இவன் தவிலைவிட்டு பேண்டு செட்டில் டிரம் வாசிக்கப் போனதில் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சில்லை.

இந்த வகைப் பாட்டு எழுதுவதில் பெரிய கஷ்டம் தாளக்கணக்கு என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எழுதும். ஜெனிசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறத்தாழ இருபத்துமூன்று நிமிடம், ஏழு பகுதி. கடைசிக்கு முந்தைய பகுதியில் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்பது எண்ணிக்கையில் அடித்துக்கொண்டே போக, டோனி பேங்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதைக் கண்டுகொள்ளாதது போலத் தன் கணக்கில் ஓடும். மேல்நாட்டு ரசிகர்கள் இன்றைக்கும் அதை எண்ணி எண்ணி மாய்ந்து போகிறார்கள். எங்கள் நண்பன் இரண்டு தரம் கேட்டான். தொடையில் தட்டிக்கொண்டே, “ஒன்பதுதானே, சங்கீர்ணம். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றான். ஆகவே கணக்கு எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் காத்திருந்தது.

பாட்டுக்கு விஷயம் சீக்கிரம் கிடைத்தது. கடற்கரைச் சாலையில் நின்றால் கடலுக்குள் தலை நீட்டிக்கொண்டிருந்த பழைய பாலத்தின் தூண்கள். கப்பலுக்குப் போகிறவர்கள் நடந்து போவதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய இரும்புப் பாலம், 1952 புயலில் போனது. நான் பிறந்த வருடமும் அதுதான். ‘பாலம் போச்சு, நீ வந்தே’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். நான் பிரெஞ்சில் வார்த்தை எழுதினேன். நாலு பகுதி: பாலம் நிமிர்ந்து நிற்கிறது, ஆட்கள் கப்பல் ஏறுகிறார்கள், புயல், மிச்சமிருக்கும் தூண்கள்.

1974 கடைசிக்குள் நாலு பகுதிக்கும் மெட்டுப் போட்டுவிட்டோம். மச்சான் வீட்டு மொட்டை மாடியில் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தோம். பதினெட்டு நிமிடம். ஆகா, நாமும் எழுதிவிட்டோம் என்று கீழே இறங்கி வந்தால், மாமி கேட்டார்: “நாலு பாட்டும் நல்லா இருந்துச்சுப்பா. எது முதல்ல பண்ணினது?”

அதுதான் நோய். எங்களிடம் இருந்தது நீளமான பாட்டு அல்ல. வரிசையில் நிற்கும் நாலு குட்டைப் பாட்டு. இரண்டு பாட்டுக்கு நடுவில் நிறுத்தாமல் வாசித்துவிட்டால் அது ஒரே பாட்டாகிவிடாது. நாலும் ஒரே சுருதி, ஏறக்குறைய ஒரே வேகம். ஒன்றில் வந்த மெட்டுக்கு இன்னொன்றைப் பற்றிய நினைவே கிடையாது. ரயில் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கொக்கி போட மறந்துவிட்டோம்.

கொக்கி போடுவது எப்படி என்று தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஜெனிசிஸ் குழு தங்கள் பாட்டின் நடுவில், தாங்கள் முன்பு செய்த பாட்டுகளைப் போலவே இதுவும் போகிறதே என்று சலித்து, பாடகர் பீட்டர் கேப்ரியல் தனியாக வைத்திருந்த ஒரு கோமாளித்தனமான பாட்டைத் தடாலென்று உள்ளே தள்ளினார்கள். வழுக்கலாக இணைக்கவே இல்லை. அமைதியான இசை முடிந்த மறுநொடி கதவை உதைத்துத் திறந்ததுபோல் அது வரும். சில இடங்களில் இணைக்காமல் விடுவதுதான் இணைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதற்கு ஈடாக, முடிவில் முதல் பகுதியின் மெட்டைப் பெரிதாக்கித் திருப்பிக் கொண்டுவருவார்கள். அந்தக் கடன் அடைந்தால்தான் நடுவில் செய்த அட்டகாசம் மன்னிக்கப்படும்.

யெஸ் குழுவின் வழி வேறு. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பதினெட்டே முக்கால் நிமிடம். பறவை ஒலி, ஓடும் தண்ணீர், பிறகு திடீரென்று ஆளுக்கொரு திசையில் இழுக்கும் புயல் போன்ற வாசிப்பு. அதிலிருந்து மெல்ல ஒரு தெளிவான மெட்டு எழும்பும். நடுவில் எல்லாம் அடங்கி, லண்டனில் ஒரு பழைய தேவாலயத்தில் போய்ப் பதிவு செய்த ஆர்கன் ஒலிக்கும். பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு அதை எழுதத் தூண்டுதலாக இருந்தது நம் நாட்டில் நடக்கும் கதையான ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல். அந்தப் பாட்டு முழுவதையும் அவர்கள் ஒருமுறைகூட ஒரே மூச்சில் வாசித்துப் பதியவில்லை. சில விநாடி, அரை நிமிடம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து, டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். ஒட்டி முடித்த பிறகுதான், கச்சேரியில் வாசிப்பதற்காக, தங்கள் பாட்டைத் தாங்களே ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் தேவையான துண்டு டேப் குப்பைக்குப் போய்விட்டது என்றும் குப்பைத் தொட்டியில் தேடி எடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். டிரம் வாசித்த பில் புரூஃபோர்ட், இனி இதைவிட என்ன செய்ய முடியும் என்பதுபோல், பதிவு முடிந்த கையோடு குழுவைவிட்டே போய்விட்டார்.

இந்த டேப் வெட்டும் விஷயம் எனக்குப் பெரிய ஆபத்தாக முடிந்தது.

மாமா வீட்டில் ஒரு பிலிப்ஸ் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. 1975-ல் எங்கள் பாட்டை அதில் பதிந்தோம். அதற்குள் நான் எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாசிப்பு. மூன்றாம் பகுதியான புயலில் மச்சான் ஒரு கிட்டார் சோலோ வைத்தான். வாரத்துக்கு வாரம் அது வளர்ந்தது. இரண்டு நிமிடம், நான்கு, கடைசியில் ஏழு. நீளமான பாட்டில் வாசிப்பவனுக்கு வரும் வியாதி இது. இடம் இருக்கிறதே என்று போய்க்கொண்டே இருப்பான். எனக்கும் ஒரு வியாதி உண்டு. எதையும் சுருக்கி எழுதச் சொல்லும் ஆபீஸ் வியாதி. நான் சொல்லிப் பார்த்தேன். “புயல்னா அப்படித்தான் இருக்கும்,” என்றான்.

ஒரு சனிக்கிழமை அவன் காரைக்கால் போயிருந்தபோது மாடிக்குப் போனேன். பிளேடு, செலோடேப். டேப்பை நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். சாய்வாக வெட்ட வேண்டும். அதெல்லாம் சரியாகவே செய்தேன். ஏழு நிமிடத்தை எடுத்துவிட்டு, புயலின் தொடக்கத்தை நேராகத் தூண்களோடு ஒட்டினேன். வெட்டிய டேப் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. திங்கட்கிழமை வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஞாயிறு காலை மாடி பெருக்கப்பட்டுவிட்டது. யெஸ் குழுவுக்குக் குப்பைத் தொட்டியிலிருந்து கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஏழு நிமிடத்தில் கிட்டார் மட்டும் இல்லை. நண்பனின் டிரம்மும் இருந்தது. அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “சரி விடு, மறுபடி வாசிச்சா போச்சு,” என்றான். மச்சான் ஒன்றும் சொல்லவே இல்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். 1976-ல் பிரான்சுக்குப் போனான். வழியனுப்ப நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

அதன்பிறகு இசைக்கும் எனக்கும் தொடர்பு தட்டு கேட்பதோடு சரி. ஆனால் எங்கள் பாட்டில் என்ன குறை என்பது ஆபீசில்தான் விளங்கிற்று. நில எடுப்பு சம்பந்தமான ஒரு பழைய கோப்பு என் மேசைக்கு வந்தது. பதினோரு வருடக் கோப்பு, முந்நூறு பக்கம். முன்பு இருந்தவர் யாரோ அருமையான எழுத்தர். எந்தக் குறிப்பிலும் ‘47/சி பார்க்க’, ‘மேலே பத்தி 3-ல் கண்டபடி’ என்று பின்னால் கை நீட்டிக்கொண்டே போயிருந்தார். முந்நூறாவது பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்கு முதல் பக்கத்து மனு ஞாபகத்தில் இருக்கும். அதே அலமாரியில் நாற்பதே பக்கமுள்ள கோப்புகளும் உண்டு. தலையும் புரியாது, வாலும் புரியாது. நீளம் குற்றமே இல்லை. படிப்பவன் எதை நினைவில் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று எழுதியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் பகுதியிலேயே சின்னதாக, நாலைந்து சுரத்தில், மறக்க முடியாத ஒன்றை வைக்க வேண்டும். நடுவில் அதை மறைத்து வைக்க வேண்டும். எத்தனை நேரம் என்பதுதான் சூட்சுமம்: சீக்கிரம் திருப்பினால் ஒன்றும் நடக்காது, ரொம்பத் தாமதித்தால் மறந்துபோகும்.

நிரப்புவதற்காக நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே யெஸ் குழுவே சாட்சி. அடுத்த வருடமே, 1973-ல், நான்கு பக்கத்துக்கு நான்கு பாட்டு, மொத்தம் எண்பது நிமிடத்துக்கு மேல், ஓர் இரட்டைத் தட்டு போட்டார்கள். யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வந்த ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு ஆண்டர்சன் கிளப்பிய யோசனை. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனுக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டு தட்டுக்குப் போதாத சரக்கு என்பது அவர் குறை. மான்செஸ்டர் கச்சேரியில் தமக்கு வேலையில்லாத நேரத்தில் மேடையிலேயே உட்கார்ந்து கறி சாப்பிட்டார் என்பது பிரசித்தம். அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். நான் அந்தத் தட்டைப் பல தரம் கேட்டவன். அங்கங்கே தங்கம் உண்டு. தங்கத்துக்காகத் தோண்டத்தான் வேண்டும்.

ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இந்தப் பைத்தியத்தையே கேலி செய்யப் புறப்பட்டவர். அவர்களுடைய முந்தைய தட்டை, எல்லாப் பாட்டும் ஒரே கருத்தைச் சுற்றியது என்று விமர்சகர்கள் எழுத, அவர் இல்லை என்று மறுக்க, யாரும் கேட்கவில்லை. அப்படியானால் இதோ என்று 1972-ல் இரண்டு பக்கமும் ஒரே பாட்டாக, நாற்பத்துமூன்று நிமிடத்துக்கு ‘திக் அஸ் எ பிரிக்’ எழுதினார். எழுதியது ஜெரால்டு பாஸ்டாக் என்ற எட்டு வயதுப் பையன் என்று ஒரு பொய். உறையாக ஒரு முழு உள்ளூர்ச் செய்தித்தாள். காலையில் எழுதியதை மத்தியானம் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து இரண்டு வாரத்தில் பாட்டை ஒப்பேற்றினார்கள். கேலியாக ஆரம்பித்தது எல்லாவற்றிலும் ஒழுங்கானதாக முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட வேண்டிய கட்டாயம் இருக்கிறதே, அதற்கு அவர் செய்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்: முதல் பக்கம் காற்று ஒலியில் கரைந்து போகும், இரண்டாம் பக்கம் காற்றிலிருந்தே தொடங்கும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பும் அந்த அரை நிமிடமும் பாட்டுக்குள் அடங்கிவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நண்பன் 2011-ல் காலமானான். செய்தியைச் சொல்ல மச்சானின் நம்பரைத் தேடிப்பிடித்துத் துலூசுக்குப் போன் செய்தேன். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. இரண்டு பேரும் நண்பனைப் பற்றி மட்டுமே பேசினோம். பிறகு வருடத்துக்கு இரண்டு போன், பொங்கலுக்கும் ஜூலை 14-க்கும்.

2023-ல் எனக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை. மச்சானுக்கு இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போய்விட்டன. கிட்டார் பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவனே ஆரம்பித்தான்.

“மாப்ளே, அந்த ஸ்பூல் இருக்கா?”

இருந்தது. பிஸ்கட் டின்னில். சென்னையில் ஒரு பையன் பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறான் என்று கேள்விப்பட்டு என் மகனிடம் கொடுத்தனுப்பினேன். பதினெட்டு நிமிடத்தில் பதினொன்றுதான் மிச்சம்; அதிலும் பாதி கரகரப்பு. தெளிவாக இருந்தது புயலின் தொடக்கம். டிரம் வருவதற்கு முன் நண்பன் வாயால் கணக்குச் சொல்கிறான், எங்களுக்கு நேரம் காட்ட. அதற்குப் பின் டிரம். அதற்குப் பின் நான் வெட்டிய இடம். சாய்வாக வெட்டியதால் ‘டக்’ என்றுகூடக் கேட்கவில்லை.

மச்சானுக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், அந்த ஏழு நிமிடத்துக்காக இன்னும் கோபமா என்று.

“அந்த சோலோ நல்லாவே இல்ல மாப்ளே. ரெண்டு நிமிஷம் போதும் அதுக்கு. ஆனா என்கிட்ட சொல்லிட்டு வெட்டியிருக்கணும்.”

“ஆமாம்,” என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு வருடம் எடுத்துக்கொண்டோம். மச்சானின் பேத்தி அங்கே கிட்டார் வாசித்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டுவான். ஓய்வுக்குப் பின் வாங்கிய காசியோவில் நான் இங்கே வாசித்து வாட்சப்பில் அனுப்புவேன். இப்போது தட்டுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இருபத்திரண்டு நிமிடம் தாண்டினால் தட்டில் கோடுகள் நெருங்கிச் சத்தம் இளைத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். மூன்று மணி நேரம்கூட எழுதலாம். அதனாலேயே நாங்கள் சுவர் எழுப்பிக்கொண்டோம்: இருபதைத் தாண்டக் கூடாது. அதிசயம் என்னவென்றால், இந்த முறை வெட்டியவன் மச்சான், நீட்டியவன் நான். நண்பனின் டிரம் வரும் இடத்தில் ஒரு விநாடியைக்கூட எடுக்க எனக்குக் கை வரவில்லை. அந்த இரண்டரை நிமிடத்தில் நடுவே கொஞ்சம் தளர்கிறது என்பது எனக்கே தெரியும். மச்சான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

முதல் பகுதியில் ஐந்து சுரம் வைத்தோம். என் அம்மா தாலாட்டில் இழுக்கும் ஓர் இழுப்பு; அதை மச்சானுக்கும் தெரியும், எங்கள் வீட்டில் வளர்ந்தவன்தானே. இரண்டாம் பகுதியில் அது கிட்டாருக்கு அடியில் ஒருமுறை லேசாகப் போகும். புயலில் சுத்தமாக இல்லை. புயல் முடிந்ததும் தூண்கள். அங்கேதான் சண்டை போட்டோம், பழைய மாதிரி, ஆனால் போனில். மெட்டு திரும்பும்போது ஜெனிசிஸ் மாதிரி எல்லா வாத்தியமும் சேர்ந்து பெரிதாக வரவேண்டும் என்றான். மிச்சம் நிற்பது தூண்தானே, சின்னதாகத்தான் வரவேண்டும் என்றேன். கடைசியில் காசியோ மட்டும், அதன் பின்னால் நண்பன் கணக்குச் சொல்லும் குரலை மிக மெதுவாக வைத்துப் பார்த்தோம். கணக்கு இருக்கிறது, டிரம் இல்லை. அனுப்பிய ராத்திரியே ஒரு வார்த்தை பதில் வந்தது. ‘வுவாலா’.

போன மாசி மாதம் முழுப்பாட்டும் வந்து சேர்ந்தது. பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. கூடத்தில் உட்கார்ந்து போட்டேன். என் வீட்டுக்காரிக்கு இந்தச் சங்கதியில் எந்தக் காலத்திலும் ஈடுபாடு கிடையாது. திருமணமான புதிதில் ‘எக்கோஸ்’ போட்டபோது, தட்டு கீறிப்போச்சா என்று கேட்டவள். அன்றைக்கும் அவள் பாட்டுக்கு அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புயலின்போது ஒருதரம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன். பதினாறாவது நிமிடம் தாண்டி அந்த ஐந்து சுரம் தனியாக வந்தது. அடுக்களையில் கீரை ஆயும் சத்தம் நின்றது. முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்தாள்.

“ஏங்க, இது ஆரம்பத்துல வந்ததுதானே?”

அப்போது துலூசில் காலை ஏழு மணி இருக்கும். மச்சான் எழுந்திருக்க மாட்டான் என்று தெரியும். இருந்தாலும் போன் போட்டேன்.